பிரார்த்தனை பழையது, மெட்டு அப்படி இல்லை

2019-இல் நியூஜெர்சியில் ஒரு யூத ஜெபாலயத்துக்கு ஒலிப்பதிவு செய்து கொடுத்தேன். முதியோர் இல்லங்களில் இருக்கும் சபையாருக்கு வெள்ளிக்கிழமை மாலை ஆராதனைப் பாடல்கள் போய்ச் சேர வேண்டும் என்பது அங்கே பாடி நடத்தும் கேன்டரின் ஆசை. 300 சிடி, இலவசமாகக் கொடுப்பதற்கு.

"வாராவாரம் பாடுகிறோமே, இதற்கு எதற்கு அனுமதி?" என்று குழுவில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 110(3) பிரிவு, வழிபாட்டுத் தலத்தில் ஆராதனையின்போது பாடுவதற்குத்தான் விலக்கு தருகிறது. பதிவு செய்து பிரதி எடுப்பது வேறு உரிமை. இலவசமாகக் கொடுத்தாலும் அனுமதி வேண்டும்.

வெள்ளிக்கிழமை மாலை ஆராதனையில் பாடும் 'லெகா தோதி'யையே எடுத்துக்கொள்ளுங்கள். 16ஆம் நூற்றாண்டில் ஷ்லோமோ அல்காபெட்ஸ் எழுதிய வரிகள், யாரும் பாடலாம். ஆனால் அதற்கு எத்தனையோ மெட்டுகள். 1894-இல் இறந்த இசையமைப்பாளர் லெவன்டோவ்ஸ்கியின் மெட்டுக்கு இன்று உரிமைத் தடை இல்லை (புதிதாக ஒருவர் இசைக்கோவை செய்திருந்தால் அது தனி). இப்போது வாழ்பவரின் மெட்டு என்றால் கேட்டே ஆக வேண்டும்.

அமெரிக்காவில் உரிமையாளர் சம்மதத்தோடு ஏற்கெனவே இசைத்தட்டாக வந்த பாடல்களுக்கு வழி சுலபம். பாட்டைப் பதிவு செய்து பிரதி எடுக்கும் அனுமதிக்கு மெக்கானிக்கல் லைசென்ஸ் என்று பெயர். பதிப்பாளர்கள் சார்பில் அதைக் கொடுக்கும் ஹாரி ஃபாக்ஸ் ஏஜென்சியில் வாங்கலாம். ஐந்து நிமிடத்துக்கு உட்பட்ட பாடலுக்கு அப்போது பிரதிக்கு 9.1 சென்ட். 300 பிரதிக்கு 27 டாலர் 30 சென்ட். சேவைக் கட்டணம் தனி. அங்கே பட்டியலில் இல்லாத சிறிய பதிப்பாளர்களுக்கு நேரடியாகக் கடிதம் போட்டோம்.

ஒரு மெட்டு மட்டும் அதுவரை எங்கும் பதிவாகி வெளிவரவே இல்லை. அந்த மாதிரிப் பாடலுக்கு இந்த வழி செல்லாது, உரிமையாளரே சம்மதிக்க வேண்டும். இசையமைப்பாளருக்கு எழுதினோம். எத்தனை பிரதி, விற்பனையா, வரிகளை ஆங்கிலத்தில் மாற்றுவீர்களா என்று கேட்டார். நாங்கள் பார்த்துப் பாடிவந்த இசைக்குறிப்புத் தாளையும் அனுப்பச் சொன்னார். அது நகலுக்கு நகல் எடுத்து மங்கிப்போன தாள். இரண்டாவது வரியில் ஒரு சுரத்தை அரைப்படி இறக்கும் ஃப்ளாட் குறி அழிந்தே போயிருந்தது. சபை பல வருடமாக அதைத் தவறாகவே பாடியிருக்கிறது! பென்சிலால் திருத்திய புதுத் தாளையும் கையெழுத்திட்ட சம்மதத்தையும் சேர்த்தே அனுப்பினார். பணம் வேண்டாம், பெயரைச் சரியாகப் போடுங்கள் என்பது மட்டும்தான் அவர் நிபந்தனை. சட்டத்துக்காகத்தான் கேட்கப் போனோம், பாட்டே சரியாகிவிட்டது. இதற்காகவாவது கேளுங்கள் என்று எல்லாச் சபைகளுக்கும் சொல்வேன்.

அப்புறம் 2020-இல் கொரோனா வந்ததும் வீடியோவாகப் போட வேண்டியிருந்தது. ஒலிக்கு வாங்கிய லைசென்ஸ் படத்துக்குப் பொருந்தாது என்பதால் மறுபடி எல்லோரிடமும் கேட்டோம். ஒரு பதிப்பாளரிடமிருந்து மட்டும் பதிலே வரவில்லை. அவரிடம் உரிமை இருந்த 'லெகா தோதி' மெட்டுக்குப் பதிலாக, வீடியோவில் லெவன்டோவ்ஸ்கியின் மெட்டைப் பாடினார் கேன்டர்.