கூடத்துச் செங்காவித் தரையை மூடிவிடலாமா?

மாயூரத்தான்:

அனைவருக்கும் வணக்கம். மயிலாடுதுறைக்கு அருகே தாத்தா 1941இல் கட்டிய வீட்டைப் பழுதுபார்க்கத் தொடங்கியிருக்கிறோம். திண்ணை, ரேழி, கூடம், நடுவில் சிறு முற்றம், பின்கட்டில் அடுக்களை என்று அந்தக் காலத்துத் தெருவீடுதான். கூடத்துக்கு மேலே மெட்ராஸ் டெரஸ் (மரச்சட்டங்களின் மேல் செங்கல் அடுக்கிய தளம்), மற்ற இடங்களில் நாட்டு ஓடு. தரை முழுவதும் செங்காவி, அதாவது ரெட் ஆக்சைடு. முற்றத்தை ஒட்டி மூன்று இடங்களில் தரை விரிசல் விட்டிருக்கிறது. சுவரில் இடுப்பளவுக்கு ஓதம் ஏறிப் பூச்சு உதிர்கிறது.

ஒப்பந்ததாரர் மூன்று வேலைகளைச் சொல்கிறார்: பழைய தரையின் மேலேயே விட்ரிஃபைடு டைல்ஸ் ஒட்டுவது, கூடத்தில் ஜிப்சம் பலகையால் ஃபால்ஸ் சீலிங் போடுவது, மர ஜன்னல்களை எடுத்துவிட்டு யுபிவிசி என்ற பிளாஸ்டிக்கில் ஸ்லைடிங் ஜன்னல் வைப்பது. அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அம்மாவுக்கு 71 வயது. கூட்டித் துடைக்க எளிதாக இருக்க வேண்டும். கூடம் இருட்டாக இருப்பதாக என் மனைவியும் சொல்கிறார். ஆனால் அவர் கணினியில் வரைந்து காட்டிய படத்தைப் பார்த்தபோது, அது வேறு யாருடைய வீடோ என்று தோன்றியது. சுவர்களும் அறைகளும் அதே அளவில்தான் இருந்தன. எது போயிற்று என்று எனக்கு இன்னதென்று சொல்லத் தெரியவில்லை. இந்த மூன்றில் எதை ஏற்கலாம், எதைத் தொடக்கூடாது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

சுண்ணாம்புக்காரை:

ஐயா, பழைய வீடுகளைச் செப்பனிடும் கட்டடக் கலைஞன் என்ற முறையில் எழுதுகிறேன். அறைகளின் அளவு மாறாமல் இருந்தும் வீடு மாறிவிட்டதாக உங்களுக்குத் தோன்றியதற்குக் காரணம் உண்டு. கால் படுகிற தரை, கை படுகிற கதவு, கண்ணுக்கு முன் விழுகிற வெளிச்சம் ஆகிய மூன்றின் வழியாகத்தான் ஒரு வீட்டை நாம் அறிகிறோம், அந்த மூன்றையும் ஒரே சமயத்தில் மாற்றச் சொல்கிறார் உங்கள் ஒப்பந்ததாரர்.

முதலில் மேல்தளத்தைப் பற்றிச் சொல்கிறேன், ஏனெனில் அங்கேதான் ஆபத்து அதிகம். மெட்ராஸ் டெரஸ் என்பது தேக்குச் சட்டங்களின் மேல் மெல்லிய செங்கற்களைக் குத்துவாக்கில், மூலைவாட்டமாகச் சுண்ணாம்புக் காரையில் அடுக்கி, அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளத்தை இடித்து இறுக்கி, இறுதியில் தட்டோடு பதித்துச் செய்வது. அந்தச் சட்டங்கள் கண்ணுக்குத் தெரிகிற வரையில், மழைக்காலத்தில் ஒரு சட்டத்தில் ஈரக்கறை படிந்தாலும் கரையான் மண் ஏறினாலும் அன்றைக்கே தெரிந்துவிடும். ஃபால்ஸ் சீலிங் போட்டுவிட்டால் மரம் உளுத்து மேல்தளம் தொங்கும்போதுதான் தெரியவரும். அதோடு, கூடத்தின் உயரம் குறைந்தால் மேலே தேங்க வேண்டிய வெப்பக்காற்று தலைக்கு அருகில் இறங்கிவிடும். ஆகவே இதைக் கட்டாயம் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கூடம் இருட்டாக இருப்பதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள்: முற்றத்துச் சுவர் அழுக்கேறியிருப்பது, ஜன்னலின் மேல்கதவுகள் பல ஆண்டுகளாகத் திறக்கப்படாமல் இறுகிப்போயிருப்பது, 6500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைக் குறிக்கும் அளவு) குழல்விளக்கு. இந்த நீலவெள்ளை வெளிச்சத்தில் செங்காவி சேற்று நிறமாகத் தெரியும். அதே தரையின் மேல் 2700 முதல் 3000 கெல்வின் வரையுள்ள மஞ்சள் வெளிச்ச விளக்கை எரியவிட்டுப் பாருங்கள். சிவப்பு மேலே எழும்பி வரும். சுவர்களுக்குப் பிளாஸ்டிக் பெயின்ட் அடிக்காமல் சுண்ணாம்பு அடியுங்கள். பழைய சுண்ணாம்புச் சுவர் உள்வாங்கிய ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். பிளாஸ்டிக் பெயின்டும் சிமென்ட் பூச்சும் அதன் மூச்சை அடைப்பதால்தான் ஓதம் மேலே மேலே ஏறிப் பூச்சு பொரிந்து உதிர்கிறது. இடுப்பளவு வரை முன்பே யாராவது சிமென்ட் பூசியிருக்கிறார்களா என்று தட்டிப் பாருங்கள். முற்றத்து மழைநீர் வெளியேறும் தூம்பு அடைபட்டிருக்கிறதா என்பதையும் கூடவே பார்த்துவிடுங்கள்.

ஜன்னலைப் பொறுத்தவரை, இரண்டு கதவு ஸ்லைடிங் எவ்வளவு திறந்தாலும் பாதிதான் திறக்கும். உங்கள் பழைய ஜன்னலில் மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு சிறு கதவுகள் இருக்குமானால், கீழ்க்கதவைச் சாத்தித் தெருவின் பார்வையை மறைத்துக்கொண்டு மேல்கதவின் வழியே காற்றையும் வெளிச்சத்தையும் வாங்கிக்கொள்ளலாம். ஒரே பலகையாக நகரும் கண்ணாடியில் இந்த வசதி கிடையாது. தச்சரை வைத்துக் கீல்களை மாற்றி, உள்பக்கம் கொசுவலைச் சட்டம் அடித்தால் போதும்.

தென்னங்கீற்று:

சகோதரரே, நான் செய்த தவற்றைச் சொல்கிறேன். ஆறு ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டுச் செங்காவித் தரையின் மேலேயே டைல்ஸ் ஒட்டினோம். சாந்தும் டைல்ஸும் சேர்ந்து தரை ஒன்றரை அங்குலம் உயர்ந்தது. அதனால் எல்லாக் கதவுகளின் அடியையும் இழைத்து வெட்ட வேண்டியதாயிற்று. கூடத்துக்கும் தாழ்வாரத்துக்கும் இடையே இருந்த படி ஏறக்குறைய மறைந்துவிட்டது. உட்காருவதற்குப் பழகிய அந்த விளிம்பில் இன்று யாரும் உட்காருவதில்லை.

எனக்கு மிகவும் வலிக்கிற இடம் ஊஞ்சலுக்கு அடியில் இருந்த தரைதான். பாட்டி நாற்பது ஆண்டுகள் உட்கார்ந்து வலது காலால் உந்திய இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பகுதி மட்டும் மற்றத் தரையைவிட ஆழ்ந்த சிவப்பாக, எண்ணெய் தடவியதுபோல் மின்னிக்கொண்டிருக்கும். டைல்ஸ் ஒட்டும்போது பிடிப்புக்காக அதன் மேலும் உளியால் கொத்தினார்கள். நான் பக்கத்தில் நின்றிருந்தேன், தடுக்கத் தோன்றவில்லை. இன்று ஊஞ்சல் இருக்கிறது, சங்கிலி அதே சங்கிலிதான். ஆனால் வெள்ளை டைல்ஸின் மேல் அது கடையிலிருந்து வாங்கி மாட்டியதுபோல் தெரிகிறது.

அம்மாவின் வசதிக்காகச் செலவழிக்க விரும்பினால் குளியலறையிலும் அடுக்களையிலும் தயங்காமல் செய்யுங்கள். அங்கே சொரசொரப்பான டைல்ஸ், கைப்பிடி, உயரம் சரியான மேடை எல்லாம் தேவைதான். வயதானவர்கள் ஈரக்காலோடு பளபளப்பான டைல்ஸில் நடப்பது நல்லதல்ல என்பதையும் நினைவில் வையுங்கள்.

நாற்சார்:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்களிடம் நாற்சார் வீடு என்று சொல்வதும் ஏறக்குறைய உங்கள் முற்றத்து வீடுதான். கொழும்பில் கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா 1960களின் தொடக்கத்தில் பத்திக் ஓவியக் கலைஞர் ஈனா டி சில்வாவுக்காக முற்றத்தைச் சுற்றி ஒரு வீடு கட்டினார். பிற்காலத்தில் அந்தக் காணி கைமாறியபோது வீட்டை இடித்து விடாமல், கற்களையும் ஓடுகளையும் தூண்களையும் கதவுகளையும் எண் இட்டுக் கழற்றி, பெந்தோட்டைக்கு அருகே பாவாவின் தோட்டமான லுனுகங்கைக்குக் கொண்டுபோய் மீண்டும் பொருத்தினார்கள். வரைபடம் கையில் இருந்தால் புதுக் கற்களைக் கொண்டும் அதே அறைகளைக் கட்டியிருக்கலாம். பழைய கல்லும் பழைய கதவும்தான் வேண்டும் என்று கருதியதால் அவ்வளவு சிரமப்பட்டிருக்கிறார்கள் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு விடயத்தில் மட்டும் சுண்ணாம்புக்காரை அவர்களிடமிருந்து மாறுபடுகிறேன். படுக்கையறை ஜன்னல் மரம் உண்மையிலேயே உளுத்திருந்தால் அதை மாற்றுவதில் பிழையில்லை. ஆனால் புது ஜன்னலும் பழைய உயரத்தில், நான்கு கதவுகளோடு, மரத்திலேயே இருக்கட்டும்.

சுண்ணாம்புக்காரை:

ஏற்றுக்கொள்கிறேன், உளுத்த மரத்தை வைத்துக்கொண்டு பயனில்லை. தரை விரிசலைப் பற்றிச் சொல்ல மறந்தேன். விரிசலை மட்டும் அடைத்தால் ஒட்டுப்போட்ட நிறம் கண்ணை உறுத்தும். பழைய காவியோடு புதுக் காவி ஒருபோதும் ஒத்துப்போகாது. முற்றத்தை ஒட்டிய தரையில் ஒரு பட்டை முழுவதையும் எடுத்துவிட்டு, கறுப்புக் கரை கட்டிப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். கரணையால் இழைத்து இழைத்துப் பளபளப்பாக்கத் தெரிந்த கொத்தனார் வேண்டும். போட்ட பிறகு சில நாட்கள் தண்ணீர் தேங்கி நிற்கட்டும், உலர்ந்ததும் தேங்காய் எண்ணெய் தேயுங்கள். ஆசிட் ஊற்றிக் கழுவ வேண்டாம்.

மாயூரத்தான்:

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை குழல்விளக்கைக் கழற்றிவிட்டு 2700 கெல்வின் விளக்கு ஒன்றை மாட்டினேன். இறுகிக் கிடந்த மேல்கதவுகளில் நான்கைத் தச்சர் திறந்துவிட்டார். தட்டிப் பார்த்ததில், ஓதம் ஏறிய இடம் முழுவதும் சிமென்ட் பூச்சுதான். தூம்பிலும் மண் அடைத்திருக்கிறது. ஃபால்ஸ் சீலிங்கும் டைல்ஸும் கூடத்துக்கு வேண்டாம் என்று ஒப்பந்ததாரரிடம் சொல்லிவிட்டோம். குளியலறையை மட்டும் அவரிடம் கொடுத்திருக்கிறோம். அன்று மாலை அம்மா கூடத்தைத் துடைத்து முடித்துவிட்டு, விரிசல் இல்லாத பக்கமாகத் தரையிலேயே காலை நீட்டி உட்கார்ந்து பூ கட்டினார். செங்காவி போடத் தெரிந்த கொத்தனார் கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கம் யாரையாவது அறிந்தவர்கள் எனக்குத் தனிச்செய்தி அனுப்பினால் உதவியாக இருக்கும்.