மூட்டு வருத்தத்துக்கு ஒரு கொப்பி, மனச்சோர்வுக்கு இன்னொரு கொப்பி: இரண்டும் எடுப்பவர்கள் சொல்லுங்கள்

மூட்டுக்காரி, வெள்ளவத்தை

எனக்கு முடக்குவாதம். கிழமைக்கு ஒரு நாள் மெத்தோட்ரெக்சேட், இடையில் ஃபோலிக் அசிட், வருத்தம் கூடினால் கொஞ்ச நாளைக்கு பிரெட்னிசலோன். இதை யாரிடமும் மறைத்ததில்லை, கல்யாண வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே கைப்பையைத் திறந்து குளிசை போட்டிருக்கிறேன். ஆனால் மனச்சோர்வுக்கு சேர்ட்ரலின் தொடங்கியதும் மாமி கேட்ட முதல் கேள்வி, "உதை ஒருத்தருக்கும் சொல்லேல்லைத்தானே?"

அது ஏன் தொடங்கியது என்றும் சொல்கிறேன். காலையில் எழும்ப முடியவில்லை என்று மூட்டுக் கிளினிக்கில் சொன்னபோதெல்லாம் மருந்தின் அளவைத்தான் பார்த்தார்கள், பிழை சொல்ல முடியாது, அவர்களுக்கு அது விறைப்பு மாதிரித்தான் கேட்டிருக்கும். கடைசியில் ஒரு இளம் டொக்டர் கையைப் பிடித்துப் பார்த்து, வீக்கம் இல்லை, இரத்தச் சோதனையும் நல்லாத்தான் இருக்கிறது, அப்படியென்றால் எழும்ப ஏலாமல் இருப்பது மூட்டாலா, எழும்ப மனமில்லாமலா என்று கேட்டார். எத்தனை வருடக் கிளினிக்கில் அப்படி ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. உடனே மனநல டொக்டரிடம் அனுப்பவும் இல்லை. தைரொய்ட் குறைந்தாலும், இரத்தம் குறைந்தாலும் ஆள் இப்படித்தான் சோர்ந்து போகும் என்று முதலில் அந்தச் சோதனைகளை எழுதித் தந்தார். பிரெட்னிசலோனும் நித்திரையைக் கெடுக்கும், மனநிலையை ஏற்றி இறக்கும் என்றார். எல்லாம் பார்த்த பிறகுதான் கடிதம்.

மனநல டொக்டரை வெளியில் காசு கட்டி சனல் பண்ணிப் பார்த்தேன். அவர் முதலில் என் கவலையைக் கேட்கவில்லை, குளிசைகளைத்தான் கேட்டார். கிளினிக் கொப்பியில் உள்ளதைக் காட்டினேன், பிறகு தெருமுனை டிஸ்பென்சரி டொக்டர் நோவுக்குத் தந்த டைக்லோஃபினாக்கையும் எடுத்து வைத்தேன். அதைப் பார்த்துத்தான் நிமிர்ந்தார். சேர்ட்ரலின் மாதிரி மருந்தோடு டைக்லோஃபினாக்கோ ஐபுபுரொஃபெனோ சேர்ந்தால் வயிற்றுக்குள் இரத்தம் கசியும் வாய்ப்புக் கூடுமாம், பிரெட்னிசலோன் எடுக்கிற ஆளுக்கு இன்னும் கூட. மூட்டுக் கிளினிக்குக்கு டிஸ்பென்சரி மருந்து தெரியாது, டிஸ்பென்சரிக்கு சேர்ட்ரலின் தெரியாது. மூன்று பேரும் நல்ல டொக்டர்கள்தான், ஆனால் மூன்று பேர் எழுதியதும் ஒரே தாளில் இல்லை.

தொடக்கத்தில் ஓங்காளம், நித்திரைக் குழப்பம். பலன் தெரிய சில கிழமை போனது, அதுவரை மருந்து தந்த அவதி மட்டும்தான் தெரிந்தது. நோவு குறைந்ததா என்று எல்லோரும் கேட்கிறார்கள். குறையவில்லை. கைக்குச் சொல்லித் தந்த பயிற்சிகளை நான் மறுபடி செய்கிறேன், அவ்வளவுதான், என்னைப் பொறுத்தவரை அது சின்ன விஷயமில்லை. நீங்கள் நீண்ட நாள் வருத்தத்தோடு இந்தக் குளிசையும் எடுப்பவர் என்றால் டொக்டரிடம், பாமசியில், வீட்டில் என்ன நடந்தது என்று எழுதுங்கள்.

கொட்டாஞ்சேனையான்

அக்கா, என் கதை தலைகீழ். எனக்குச் சீனி வருத்தம். இரவில் பாதம் எரியும், பெட்ஷீட் பட்டாலே துடிப்பேன். அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம், படுக்கப் போகும்போது ஒன்று என்று எழுதித் தந்தார்கள். துண்டை பாமசியில் நீட்டினால், பின்னால் அவ்வளவு சனம் நிற்க, அந்தப் பொடியன் சத்தமாக, "இது மனவருத்தக் குளிசை, ஆருக்கு?" என்கிறான். எனக்குக் கால் எரிகிறது என்றால் சிரிக்கிறான். வீட்டில் மனைவி பெட்டிக்குள் இருந்த தாளை வாசித்துவிட்டு அழத் தொடங்கிவிட்டாள். தனக்குச் சொல்லாமல் எதையோ மனதுக்குள் வைத்திருக்கிறேனாம்.

அடுத்த கிளினிக்கில் கேட்டேன். 10, 25 என்ற சின்ன அளவில் கொடுப்பது நரம்பு நோவுக்கு, மனச்சோர்வுக்கு என்றால் அளவு பல மடங்கு கூட என்றார் டொக்டர். இந்த ஒரு வசனத்தை எழுதும்போதே சொல்லியிருந்தால் என் வீட்டில் ஒரு கிழமை அழுகை மிச்சம். அரச கிளினிக்கில் சனநெரிசல் எனக்கும் தெரியும், ஆனாலும் இதைச் சொல்ல எவ்வளவு நேரம் எடுக்கும்?

பிறகு ஒரு கால்விரலை எடுக்க வேண்டி வந்தது. அதற்குப் பிறகு உண்மையாகவே விழுந்துபோனேன். கடைக்குப் போகவில்லை, ஊசி போடவும் மனமில்லை, சீனி ஏறினது. அப்போது தம்பி சொல்கிறான், நீங்கள்தான் ஏற்கனவே மனக்குளிசை எடுக்கிறீர்களே, பிறகு என்ன என்று! அந்த 10 மில்லிகிராம் மனதுக்குக் காணாது என்று அவனுக்கு விளங்கப்படுத்தவே எனக்கு அப்போது தெம்பு இல்லை. இப்போது டுலோக்செட்டின். அது சீனியால் வரும் நரம்பு நோவுக்கும் கொடுப்பது, மனச்சோர்வுக்கும் கொடுப்பது. அமிட்ரிப்டிலினை நிறுத்திவிட்டார்கள். வாய் காய்வது, மலச்சிக்கல் இரண்டும் போயின. கால் எரிச்சல் முழுதாகப் போகவில்லை, ஆனால் இரவில் நித்திரை வருகிறது.

மட்டக்குளி மகன்

நான் எழுதுவது அம்மாவுக்காக. பிரஷர் கனகாலம், அப்பா போன பிறகு சாப்பாடும் இல்லை, கதையும் இல்லை. கூட்டிப்போன இடத்தில் டொக்டர் சிங்களம், மிகவும் பண்பானவர், ஆனால் அம்மாவுக்குச் சிங்களம் சந்தையில் பேரம் பேசுகிற அளவுதான். நடுவில் நான். நித்திரை எப்படி, பசி எப்படி என்பதெல்லாம் சரி. பிறகு டொக்டர், செத்துப்போகலாம் என்று நினைப்பு வருகிறதா என்று கேட்கச் சொன்னார். பெற்ற தாயிடம் அதை என் வாயால் கேட்டேன். அம்மா என் முகத்தைப் பார்த்தே இல்லை என்று தலையாட்டினார். மகனிடம் எந்தத் தாய் ஓம் என்பாள்? அடுத்த தடவை தமிழ் தெரிந்த ஒரு மிஸ் இருந்தார், என்னை வெளியில் நிற்கச் சொல்லிவிட்டு அம்மாவோடு தனியாகக் கதைத்தார். அன்றைக்குத்தான் எல்லாம் வெளியில் வந்தது. உங்கள் வீட்டிலும் இப்படி என்றால் கேட்டுப் பாருங்கள், குடும்பத்தில் இல்லாத, தமிழ் தெரிந்த ஒருவர் இருக்கிறாரா என்று.

எசிட்டலோப்ராம் தொடங்கினார்கள். கொஞ்ச நாளில் அம்மாவுக்குத் தடுமாற்றம், கிழமை தெரியவில்லை, சுவரைப் பிடித்து நடந்தார். சித்தி மறதி வருத்தம் என்று முடிவே கட்டிவிட்டார். அவசரப் பிரிவில் இரத்தம் எடுத்துப் பார்த்தால் சோடியம் விழுந்து கிடக்கிறது. பிரஷருக்கு எடுத்தது சலம் போகிற ஹைட்ரோகுளோரோதயசைட், அதுவும் சோடியத்தைக் குறைக்கும், வயதானவர்களில் இந்த மனச்சோர்வுக் குளிசையும் குறைக்கும். ஒன்றை ஒரு இடத்திலும் மற்றதை வேறொரு இடத்திலும் எழுதியிருந்தார்கள். மருந்துகளை மாற்றியதும் அம்மா பழையபடி என்னை ஏசத் தொடங்கினார், கடவுளே என்று இருந்தது. வயதானவருக்குத் தொடங்கினால், சோடியம் எப்போது பார்ப்பீர்கள் என்று நாங்களே கேட்க வேண்டும்.

பாமசிக்காரன், மருதானை

சத்தமாகக் கேட்ட அந்தப் பொடியனுக்காக வெட்கப்படுகிறேன், கொட்டாஞ்சேனை அண்ணா. ஆனால் கவுண்டருக்கு இந்தப் பக்கமும் ஒரு கதை இருக்கிறது. மனநல டொக்டரின் துண்டைத் தனியாக ஒரு பாமசிக்கும், மற்றத் துண்டை இன்னொரு பாமசிக்கும் கொண்டுபோகிறவர்கள் நிறையப் பேர், அயலார் பார்த்துவிடுவார்கள் என்று வெள்ளவத்தைக்காரர் மருதானைக்கு வந்து வாங்குவார். அப்படி வரும்போது நான் பார்ப்பது பாதி மருந்துதான். முதுகு நோவுக்கு ட்ரமடோலும் மனச்சோர்வுக்கு ஃபுளுவோக்செட்டினும் சேர்ந்து ஒருவரின் கையில் இருப்பது எனக்குத் தெரியவே வராது. அந்த இரண்டும் சேர்ந்தால் சிலருக்கு நடுக்கம், வியர்வை, நெஞ்சுப் படபடப்பு, காய்ச்சல் என்று மோசமாகப் போகலாம், வலிப்பும் வரலாம். மார்புப் புற்றுநோய்க்கு டமொக்சிஃபென் எடுக்கிறவர்களும் சொல்ல வேண்டும், ஃபுளுவோக்செட்டினும் பரொக்செட்டினும் அது வேலை செய்வதைத் தடுக்கும், வேறு மருந்து கொடுக்க முடியும். நெஞ்சு வருத்தம், கண்ணில் அழுத்தம், புரொஸ்டேட் வீக்கம் உள்ளவர்களுக்கு அமிட்ரிப்டிலினைக் கவனித்துத்தான் கொடுப்பார்கள்.

உடம்பு வருத்தக்காரனுக்கு மனக்குளிசை எதற்கு என்று கவுண்டரில் அடிக்கடி கேட்பார்கள். இந்த வகை மருந்தே உடம்பு வருத்தத்திலிருந்து வந்ததுதான். 1952 அளவில் நியூயோர்க்கில் ஒரு காசநோய் ஆஸ்பத்திரியில் இப்ரோனியசிட் என்ற காசநோய் மருந்தைக் கொடுத்துப் பார்த்தபோது, படுக்கையோடு கிடந்தவர்கள் கலகலப்பாகிவிட்டார்களாம். அதைப் பிறகு மனச்சோர்வுக்குக் கொடுத்தார்கள். ஈரலைக் கெடுத்ததால் அந்த மருந்து நிலைக்கவில்லை என்பது வேறு கதை.

ரஹ்மா, தெமட்டகொட

எனக்கு லூபஸ், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்குகிற வருத்தம், அதோடு மனக்குளிசையும். அமிட்ரிப்டிலினால் வாய் காய்வதைச் சொன்னீர்கள், அதை நோன்பு நேரத்தில் நினைத்துப் பாருங்கள். உம்மாவோ, "நோன்பு பிடிச்சா மனசு தானா லேசாகும், குளிசைய விடு மகள்" என்கிறார். ஈமான் (இறைநம்பிக்கை) குறைந்ததால் வந்த வருத்தம் என்று ஒரு சாச்சி சொன்னதை இன்னும் மறக்கவில்லை, லூபஸுக்கு அவர் அப்படிச் சொன்னதே இல்லை. நோன்புக்குக் கொஞ்சம் முன்னதாகவே டொக்டரிடம் போய்க் கேட்டேன். நாளுக்கு ஒன்று எடுக்கிற குளிசை என்றால் இப்தாருக்குப் பிறகு மாற்றலாம், எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம், லூபஸ் நிலை சரியில்லாவிட்டால் நோன்பையே பிறகு பார்க்கலாம் என்றார். சிறுநீரகச் சோதனை பார்த்துத்தான் சம்மதித்தார்.

பெயர் வேண்டாம், தெஹிவளை

எல்லோரும் நல்லபடியாக எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அவ்வளவு நல்லபடியாக இல்லை. குடல் வருத்தம் பல வருடம், அதோடு சேர்ட்ரலின் தந்தார்கள், வயிற்றோட்டம் கூடியது, அது குடலாலா குளிசையாலா என்று கண்டுபிடிக்கவே காலம் போனது. அழுகை நின்றது உண்மை, ஆனால் சந்தோஷமும் சேர்ந்து நின்ற மாதிரி ஒரு தட்டை நிலை. தாம்பத்தியப் பிரச்சினையும் வந்தது, அதைப் பற்றி ஆண்கள் யாரும் எழுத மாட்டார்கள், ஆகவே நான் எழுதுகிறேன். டொக்டரிடம் சொல்லலாம், அவர்களுக்கு அது புதினமில்லை, அளவைக் குறைக்கலாம் அல்லது வேறு குளிசைக்கு மாற்றலாம். எனக்கு மேர்டாசபீனுக்கு மாற்றினார்கள். பசி கூடியது, குடல் வருத்தத்தில் இளைத்துப்போன எனக்கு அது லாபம், சீனி உள்ளவருக்கு அப்படி இருக்காது.

இன்னொன்று. 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது அரச மருந்துக்கடையான ஒசுசலவிலும் இல்லை, காலி வீதிப் பாமசிகளிலும் இல்லை. திடீரென்று நின்றுபோனதில் தலைச்சுற்று, கண்ணைத் திருப்பினால் மண்டைக்குள் கரண்ட் அடித்த மாதிரி, சும்மாவே எரிச்சல். வருத்தம் திரும்பிவிட்டது என்று வீட்டில் பயந்தார்கள். உண்மையில் அது குளிசை சட்டென்று நின்றதால் வந்தது, படிப்படியாகக் குறைத்தால் பெரும்பாலும் இப்படி வராது. அன்றிலிருந்து குளிசை முடிகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருப்பதில்லை.

புதியவள், கிருலப்பனை

எல்லாம் வாசித்தேன். எனக்கு ஆஸ்துமாவும் தைரொய்டும். கிளினிக்கில் மனநலப் பிரிவுக்குக் கடிதம் தந்திருக்கிறார்கள், அண்ணா பெரிய மனநல ஆஸ்பத்திரி இருக்கிற இடத்தைச் சொல்லி "அங்கொடைக்கா போறாய்" என்று பகிடி பண்ணுகிறார், கடிதம் இன்னும் பையிலேயே இருக்கிறது. உண்மையாகவே அங்கொடைக்குத்தான் போக வேண்டுமா?

மூட்டுக்காரி, வெள்ளவத்தை

இல்லை தங்கச்சி. பெரிய அரச ஆஸ்பத்திரிகளில் மனநலக் கிளினிக் தனியாக இருக்கிறது, மற்றக் கிளினிக் மாதிரித்தான், கொப்பி, நம்பர், வாங்கில் காத்திருப்பது. கடிதத்தில் எந்த ஆஸ்பத்திரி என்று எழுதியிருப்பார்கள், பாருங்கள். அங்கொடைக்கே எழுதியிருந்தாலும் அங்கேயும் வெளிநோயாளராக வந்து மருந்து எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்கள் எத்தனையோ பேர், அண்ணாவின் பகிடியை விடுங்கள். அதற்குள் தாங்க ஏலாமல் வந்தால் 1926க்கு எடுங்கள், தேசிய மனநல நிறுவகத்தின் உதவி இலக்கம் அது. போகும்போது ஆஸ்துமாப் பம்ப், தைரொய்ட் குளிசை, அண்மைய இரத்தச் சோதனைத் துண்டு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய் மேசையில் வையுங்கள். தைரொய்ட் கடைசியாக எப்போது பார்த்தது?