மில் வேலைக்குப் பிள்ளையக் கேட்கிறாங்க, நம்பலாமா?

சேரம்பாடி மலர்:
எங்க தேயிலை எஸ்டேட் லைன்ல (தொழிலாளர் குடியிருப்பு) பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு 16 வயசு. பத்தாவதோட நின்னுட்டா. அப்பா இல்ல. அம்மா கொழுந்து பறிக்கிறாங்க, அடுத்த வருஷம் ரிட்டயர்டு, அதோட லைன் வீட்டையும் விடணும். இந்த நேரம் பார்த்து எங்க ஊர் அண்ணன் ஒருத்தர் திருப்பூர்ப் பக்கம் ஸ்பின்னிங் மில்லுக்குக் கேட்கிறார். மூணு வருஷம் இருந்தா கல்யாணத்துக்கு மொத்தமாப் பணமாம். இப்பவே கையில பத்தாயிரம் தர்றாராம். ஆள்கடத்தல்னா வண்டியில தூக்கிட்டுப் போறதுன்னு நினைச்சிருந்தேன். இவர் உக்காந்து டீ குடிச்சுட்டுப் போறார்! எதை வச்சு சந்தேகப்படறது?

கொளப்பள்ளி ராணி:
மலரக்கா, அது மில்காரங்க நடத்துற சுமங்கலி திட்டம். நானும் போய்ட்டு வந்தவதான். கூட்டிட்டுப் போனது சொந்தக்கார மாமா. தெரியாத ஆள் கேட்டா எந்த அம்மா அனுப்புவாங்க? ஹாஸ்டல்ல செல்லை வாங்கி வச்சுக்கிட்டாங்க. நைட் ஷிப்ட் முடிச்சுப் படுத்தா, ஆள் பத்தலன்னு மறுபடி எழுப்புவாங்க. சாப்பாட்டுக்குப் பிடித்தம். நடுவுல நின்னா அந்த மொத்தப் பணம் கிடையாது, அதனால பஞ்சு தொண்டைய அடைச்சாலும் இருமிக்கிட்டே ஓட்டுவோம்.

எங்க ரூம்ல ஒருத்திக்கு அப்பா இல்ல, ஒருத்தி வீட்ல குழுக்கடன், ஒருத்திக்கு அக்கா கல்யாணக் கடன். காசில்லாத வீடுன்னா எங்க லைனே அப்படித்தான். ஆனா சண்டைக்கு நிக்கிற சித்தப்பா இருக்கிற வீட்டு வாசலை மாமா மிதிக்கவே இல்ல. பிள்ளையத் தேடி யாரும் வர மாட்டாங்கன்னு தெரிஞ்ச வீடாத்தான் பார்த்துப் போனார்.

கூடலூர் செல்வம்:
எல்லா மில்லையும் அப்படிச் சொல்லாதீங்க. என் தங்கச்சிக்கு மாசச் சம்பளம் பேங்க்ல ஏறுது, பிஎஃப் உண்டு.

ராணி:
தங்கச்சிக்கு என்ன வயசு? நினைச்சா ஊருக்கு வர முடியுதா? அதைச் சொல்லுங்க.

செல்வம்:
23. பொங்கலுக்கு வந்தா.

குன்னூர் பாட்டையா (தொழிலாளர் துறையில இருந்தவன்):
முதல்ல அந்தப் பத்தாயிரத்தை வாங்க விடாதீங்க. முன்பணம் கொடுத்து, அதைக் காட்டி வெளியே விடலன்னா 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்துல வரும். அந்தக் கடனும் செல்லாது. ஆள்கடத்தல் கேஸ்ல 'பிள்ளை சம்மதிச்சுத்தான் வந்தா'ன்னு சொல்லித் தப்பவும் முடியாது. குழந்தைகள் உதவி எண் 1098க்கு இலவசமாப் பேசலாம். கூடலூர் ஆர்டிஓ (வருவாய்க் கோட்டாட்சியர்) ஆபீஸ்லயும் எழுதிக் கொடுக்கலாம்.

மலர்:
மில் பேரும் ஹாஸ்டல் அட்ரஸும் கேட்டேன். 'போய்ப் பார்த்துக்கலாம் தங்கச்சி'ங்கிறார்.

ராணி:
அப்ப அனுப்பாதீங்கக்கா. அம்மாகிட்ட மில்லைப் பத்திப் பேசுறத விட, வீடு போனா எங்க தங்குவாங்கன்னு பேசுங்க. அந்தப் பயத்துலதான் தலையாட்டுவாங்க.