தொழில் வழிகாட்டல் பயிற்சி எல்லா ஆசிரியர்களுக்கும் வேண்டுமா?

கரும்பலகை:
எங்கள் பள்ளியில் எல்லா ஆசிரியர்களுக்கும் இரண்டு நாள் தொழில் வழிகாட்டல் பயிற்சியாம். முடிவில் ஆளுக்கொரு திட்டம் எழுதித் தரவேண்டும். நான் கணக்கு வாத்தியார். பள்ளியில் படித்தேன், கல்லூரியில் படித்தேன், திரும்பப் பள்ளிக்கே வந்துவிட்டேன். வெளியே இருக்கும் வேலைகளைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? பின்லாந்தில் வழிகாட்டலுக்குத் தனிப் பாடவேளை, அதற்கென்றே படித்த ஆலோசகர். நமக்கும் அப்படி ஒருவர் போதாதா?

ஊர்க்குருவி:
ஆயிரம் பிள்ளைகளுக்கு ஓர் ஆலோசகர் என்று வையுங்கள். ஆளுக்கு அரை மணி பேசினாலே 500 மணி நேரம். அதுவும் கடைசி வகுப்பில்தான் நடக்கும், அதற்குள் காலம் கடந்துவிடும். பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கான பன்னாட்டுத் தேர்வு பீசா. அதன் 2018 தரவை 41 நாடுகளுக்கு, அதை நடத்தும் ஓ.இ.சி.டி. என்ற பன்னாட்டு அமைப்பு அலசியது. முப்பது வயதில் என்ன வேலையில் இருப்பாய் என்ற கேள்விக்கு ஆண்பிள்ளைகளில் 47%, பெண்பிள்ளைகளில் 53% பேர் வெறும் பத்து வேலைகளுக்குள் அடங்கிவிட்டார்கள். ‘இது எனக்கில்லை’ என்று பிள்ளைகள் சின்ன வயதிலேயே ஒதுக்கிவிடுகிறார்கள். தினமும் அவர்கள் முகம் பார்ப்பது நீங்கள்தானே?

கரும்பலகை:
அதே பத்து வேலைகளைத்தான் ஆசிரியர்களும் சொல்கிறோம், ஐயா! நன்றாகப் படித்தால் டாக்டர், சுமாராக இருந்தால் ‘வேற ஏதாவது பாரு’. இரண்டு நாளில் இது மாறுமா? அரைகுறைப் பயிற்சியோடு நான் தரும் அறிவுரை ஒரு பிள்ளையைத் தவறான பக்கம் அனுப்பிவிடும்.

நடுப்பக்கம்:
இந்த மாதிரிப் பயிற்சிகளைப் பள்ளிகளில் நடத்துகிறவள் நான். இருவரும் வேறு வேறு வேலைகளை ஒன்றாகக் குழப்புகிறீர்கள். பள்ளியில் நல்ல தொழில் வழிகாட்டல் எப்படி இருக்கவேண்டும் என்று இங்கிலாந்தில் வகுத்த கேட்ஸ்பி அளவுகோல்கள் (2014) மொத்தம் எட்டு. பாடத்தைத் தொழிலோடு இணைப்பது நான்காவது, தனி ஆலோசனை எட்டாவது. நான்காவதுதான் உங்களுடையது, எட்டாவது பயிற்சி பெற்ற ஆலோசகருடையது. இரண்டையும் கோத்து ஆண்டுத் திட்டம் போட, முதலாளிகளையும் பழைய மாணவர்களையும் அழைத்து வர ஒரு பொறுப்பாளர் வேண்டும். 2018 முதல் அங்கே பள்ளிக்கு ஒருவர் பெயர் குறித்து இருக்கவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

எந்தக் குணத்துக்கு எந்த வேலை பொருந்தும் என்று உளவியலாளர் ஜான் ஹாலண்ட் பிரித்த ஆறு ஆளுமை வகைகளை எல்லோருக்கும் ஸ்லைடு போட்டுக் காட்டுவது வீண். நான் ஆசிரியர்களிடம் அடுத்த வாரப் பாடத்தைக் கையோடு கொண்டுவரச் சொல்வேன். சதவீதம் என்றால், கடன் கணக்கு போடுபவரும் மருந்தின் அளவு பார்க்கும் செவிலியரும் அதை எங்கே பயன்படுத்துகிறார்கள் என்று அந்தக் கணக்குகளையே மாற்றி எழுதுவோம். முடிந்தால் ஒரு நாள் வேலையிடத்துக்கும் அனுப்புவோம். உங்கள் பள்ளியில் ஆளுக்கொரு திட்டம் கேட்பது அபத்தம். பள்ளிக்கு ஒன்று போதும்.

கரும்பலகை:
பாடத்துக்குள் என்றால் சரி, செய்யலாம். அந்தப் பொறுப்பாளருக்குப் பாடவேளை குறைப்பார்களா? இல்லாவிட்டால் இளிச்சவாய் ஒருவர் தலையில் கட்டிவிடுவார்கள்.

ஊர்க்குருவி:
அதை நிர்வாகத்திடம் கேளுங்கள். பயிற்சியோடு ஏன் மல்லுக்கு நிற்கிறீர்கள்?

நடுப்பக்கம்:
அவர் கேட்டது நியாயம்தான். தலைமையாசிரியர் முதல் நாள் முழுக்க உட்காரவேண்டும், கால அட்டவணையில் நேரம் ஒதுக்கிக் கையெழுத்திடவேண்டும் என்பேன். ஒப்புக்கொள்ளாத பள்ளிக்கு நான் போவதில்லை.

கரும்பலகை:
எங்கள் தலைமையாசிரியர் தொடக்க உரையாற்றிவிட்டுக் கிளம்புவார் என்று அழைப்பிதழிலேயே போட்டிருக்கிறது.