குண்டலகம்மா ஆற்றுப் பக்கத்துச் சபைகள்: போய்ப் பார்த்தவர்களும் அங்கே வளர்ந்தவர்களும் எழுதுங்கள்

தண்டவாளம்:

ரயில்வே சிக்னல் பிரிவில் இருந்தபோது மூன்று வருடம் ஆந்திராவில் ஓங்கோலில் வேலை. நான் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை), கைக்குழந்தையாக இருக்கும்போதே நெற்றியில் தண்ணீர் தெளித்து ஞானஸ்நானம் வாங்கியவன். பாப்டிஸ்ட் என்றால் ஆளை முழுசாக முக்கி எடுப்பார்கள் என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. கூட வேலை பார்த்த தெலுங்குக்காரர் ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் ஊருக்குக் கூட்டிப் போனார். மேற்கே ஒன்றரை மணி நேரம் பஸ், அப்புறம் புகையிலைக் கொல்லை ஓரமாக நடை. ஊருக்குள் நுழையவே இல்லை, ஊரைச் சுற்றிக்கொண்டு மாதிகர் (தோல் வேலை செய்து வந்த தலித் சாதி) குடியிருப்புக்குப் போனோம். நம் பக்கம் சேரி எங்கே இருக்குமோ அங்கேதான் அதுவும் இருந்தது. அதன் நடுவில் சபை. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, பெஞ்சு கிடையாது, கோரைப்பாய்.

ஆராதனை முடிந்ததும் ஒரு பெரியவர் என்னைப் பிடித்து உட்கார வைத்துக் கதை சொன்னார். 1878 ஜூலை 3, வெல்லம்பள்ளி, ஓங்கோலுக்கு வடக்கே பத்து மைல், டிரங்க் ரோடு குண்டலகம்மா ஆற்றைக் கடக்கும் இடம். ஒரே நாளில் 2,222 பேருக்கு ஞானஸ்நானம். ஆறு தெலுங்குப் போதகர்கள், ஒரு நேரத்தில் இரண்டு பேர் மட்டும் தண்ணீரில், அவர்கள் களைத்தால் அடுத்த இரண்டு பேர். காலை ஆறு முதல் பதினொன்று வரை, பிறகு மதியம் இரண்டு முதல் ஐந்து வரை. சிக்னல்காரன் புத்தி, உடனே மனதுக்குள் கணக்குப் போட்டேன். ஆளுக்கு அரை நிமிஷம்கூட வரவில்லை. முந்தின நாள் 614, மறுநாள் 700, ஆக மூன்று நாளில் 3,536.

இந்த எண்ணைக் கேட்டு நான் வாயைப் பிளப்பேன் என்று எதிர்பார்த்தார் போல, பிளந்தேன்தான். ஆனால் மனதில் நின்றது அடுத்து அவர் சொன்னது. அவருடைய பாட்டனாரின் அப்பா அந்த வரிசையில் நின்றாராம். அந்த ஆள் அதுவரை வெள்ளைக்கார மிஷனரித் துரையின் முகத்தையே பார்த்ததில்லையாம். பெண் கொடுத்த ஊரிலிருந்து சம்பந்தி வந்து சொன்னார், இவர் கேட்டார், அவ்வளவுதான். துரையின் பிரசங்கத்தைவிட சம்பந்தி பேச்சுதான் இந்தச் சபைகளை வளர்த்தது என்று எனக்குப் படுகிறது. மற்றவர்கள் பார்த்ததையும் எழுதுங்கள்.

பழையதாள்:

நான் போனது மலைக்கு. ஓங்கோல் ஊருக்குள்ளேயே இருக்கிறது, ஜெப மலை என்பார்கள். ஒரு புத்தாண்டு விடியற்காலை ஏறினேன், எனக்கு முன்னால் பாட்டிமார் இரண்டு பேர், மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே ஏறினார்கள், எனக்குத்தான் முட்டி வலி.

1854 ஜனவரி 1 அன்று விடியற்காலையில் ஐந்து பேர் அங்கே ஜெபித்தார்கள். ஜூவெட் என்ற அமெரிக்க மிஷனரி, அவர் மனைவி, மூன்று தெலுங்குக்காரர்கள். அந்த நேரத்தில் சபை என்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக எதுவும் இல்லை. இந்த மிஷனைத் தொடங்கிய சாமுவேல் டே 1836-ல் வந்து, சென்னையிலும் சில காலம் இருந்துவிட்டு, 1840-ல் நெல்லூரில் உட்கார்ந்தார். வருடங்கள் போனதே ஒழிய ஆள் சேரவில்லை. 1853-ல் அமெரிக்காவில் ஆல்பனி நகரக் கூட்டத்தில் இந்த மிஷனை மூடிவிடலாமா என்று பேசியபோது, வரைபடத்தில் தனியாகக் கிடந்த நெல்லூரைக் காட்டி ஒருவர் 'ஒற்றை நட்சத்திரம்' என்றார். அதைக் கேட்ட சாமுவேல் பிரான்சிஸ் ஸ்மித் ராத்திரியோடு ராத்திரியாக அதன்மேல் ஒரு கவிதை எழுதிவிட்டார், மூடும் பேச்சு அடங்கியது. ஒரு கவிதையால் பிழைத்த மிஷன்!

கிளவ் என்ற அமெரிக்க மிஷனரி வந்தது அதற்கு அப்புறம். முன்னாள் சர்வேயர். 1866-ல் ஓங்கோலுக்கு வந்தார், 1867 ஜனவரி 1-ல் எட்டு பேரோடு சபை ஆரம்பம். எட்டு! 1878 முடிவில் 12,000-ஐத் தாண்டியிருந்தது. தண்டவாளம் அண்ணா சொன்ன சம்பந்தி இல்லாமல் இது நடந்திருக்காது, ஒத்துக்கொள்கிறேன்.

உளியோசை:

எங்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு, ஊர் கோயம்புத்தூர் பக்கம், அருந்ததியர், அங்கே மாதிகர் மாதிரி இங்கே நாங்கள். அதனால் இந்த இழையை இரண்டு தடவை படித்தேன். அண்ணன்மார் இரண்டு பேரும் பேரய்யாவை விட்டுவிட்டீர்கள்.

எர்ரகுண்ட்ல பேரய்யா. தாள்ளகொண்டபாடு ஊர், ஓங்கோலிலிருந்து சுமார் நாற்பது மைல். தோல் வேலை செய்தவர், ராஜயோகம் என்ற தியான முறையைக் கற்றவர், வியாபாரத்துக்காக வடக்கே போன இடத்தில் கிறிஸ்துவைப் பற்றிக் கேட்டு, ஊர் திரும்பித் தன் ஆட்களிடம் தானாகவே சொல்ல ஆரம்பித்துவிட்டார். 1866-ல் ஓங்கோல் வந்து ஜூவெட்டிடம் ஞானஸ்நானம் வாங்கினார். மிஷனரி தேடிப் போகவில்லை, இவர்தான் தேடி வந்தார். இதைச் சொல்லாமல் துரை வந்தார், மலையில் ஜெபித்தார், ஜனங்கள் வந்தார்கள் என்று சொன்னால் எப்படி?

சபையில் சேருகிறவர்களுக்கு வைத்த நிபந்தனைகள் மூன்று. ஞாயிறு வேலை செய்யக்கூடாது, செத்த மாட்டைத் தின்னக்கூடாது, விக்கிரகம் கும்பிடக்கூடாது. மேலோட்டமாகப் பார்த்தால் பக்திக் கட்டுப்பாடு மாதிரிதான் இருக்கும். என் தாத்தாவிடம் இதைப் படித்துக் காட்டினேன், அவர் சிரித்துவிட்டு, "டேய், இது ஸ்ட்ரைக்குடா" என்றார். யோசித்துப் பாருங்கள். செத்த மாட்டை இழுத்துப் போடுவது நம் ஆட்கள் தலையில் கட்டிய வேலை, அந்தக் கறிதான் கூலியில் பாதி. அம்மன் திருவிழாவுக்கு மேளம் அடிப்பதும் கட்டாயம், விக்கிரகம் வேண்டாம் என்றால் மேளம் யார் அடிப்பது? அறுப்புக் காலத்தில் ஞாயிறு வரமாட்டேன் என்றால் பண்ணையார் சும்மா விடுவாரா? அடி விழுந்தது, களத்தில் பங்கு நின்றது, தண்ணீருக்கு வழி அடைத்தார்கள். அதற்கும் மேல்தான் சபை வளர்ந்தது.

அங்கே நேரில் போனதில்லை. போக வேண்டும்.

நேர்கோடு:

தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 1878 என்றால் தாது வருஷப் பஞ்சம் முடிகிற நேரம். சோறு போட்டார்கள், ஆள் சேர்ந்தது. இதில் சம்பந்தி எங்கே வந்தார்?

பழையதாள்:

நியாயமான கேள்விதான், நானும் அதே சந்தேகத்தோடு தேடியவன். பஞ்சத்தில் கிளவ் செய்தது கஞ்சித் தொட்டி இல்லை, கான்ட்ராக்ட். பக்கிங்ஹாம் கால்வாயில் மூன்றரை மைல் தோண்டும் வேலையை எடுத்தார். (ஆமாம், நம் சென்னையில் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிறோமே, அதே கால்வாய்தான், வடக்கே பெத்தகஞ்சாம் வரை போகிறது.) மண் வெட்ட வந்தவர்களை நூறு நூறாகப் பிரித்து, சபைப் போதகர்களையே மேஸ்திரி ஆக்கினார். மத்தியானம் மண்மேட்டில் உட்கார்ந்து ஓய்வெடுக்கும்போது மேஸ்திரி என்ன பேசியிருப்பார்? அதுதான் நடந்தது. ஆனால் நிவாரணம் ஓடிக்கொண்டிருந்த பதினைந்து மாதமும் ஒருவருக்கும் ஞானஸ்நானம் கொடுக்க மறுத்துவிட்டார், அரிசிக்காக வந்தவர்கள் என்று பேர் வரக்கூடாது என்று. வேலை முடிந்து, கூலி நின்று, வீட்டுக்குப் போங்கள் என்ற பிறகும் ஜனங்கள் திரும்பி வந்தார்கள். பசிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். பசியில் கூட நின்றவனை யாரும் மறப்பதில்லை, அதுவும் ஒரு காரணம்தான்.

நேர்கோடு:

சரி, பதினைந்து மாத விஷயம் எனக்குப் புதுசு.

ஈரமுந்தானை:

நான் பிறந்தது நெல்லூர் ஜில்லா கிராமம், கட்டிக்கொடுத்தது திருவள்ளூர் பக்கம். அண்ணன்களா, நீங்கள் ஆற்றங்கரையில் நின்று எண்ணுகிறீர்கள், நான் தண்ணீருக்குள் நின்றவள், அதைச் சொல்கிறேன்.

எங்களில் குழந்தைக்கு ஞானஸ்நானம் கிடையாது. விவரம் தெரிந்து நாமே கேட்க வேண்டும், சபை முன்னால் நின்று ஏன் கேட்கிறேன் என்று சாட்சி சொல்ல வேண்டும். எனக்கு அப்போது பதினைந்து வயது. போதகர் மட்டும் சரி என்றால் போதாது, சபையார் கை தூக்க வேண்டும். எனக்குப் பக்கத்து வீட்டுப் பெரியம்மா கை தூக்கவில்லை! அவர்கள் வீட்டுக் கொய்யாவைப் பறித்த வழக்கு பாக்கி இருந்தது. போதகர் சிரித்துக்கொண்டே, முதலில் போய் அதைத் தீர்த்துவிட்டு வா என்றார். அழுதுகொண்டே போய் மன்னிப்பு கேட்டேன், அடுத்த மாதம்தான் கிடைத்தது.

ஏரியில்தான். புடவை மிதந்து மேலே வரக்கூடாதென்று அம்மா ஓரத்தில் சின்னச் சின்னக் கூழாங்கல் வைத்துத் தைத்திருந்தாள். அடியில் சேறு, கால் புதைகிறது. போதகர் கைக்குட்டையால் மூக்கைப் பிடித்துப் பின்னால் சாய்க்கும்போது வானம் ஒரு கணம் தெரிந்தது, அப்புறம் காதுக்குள் தண்ணீர், கரையில் பாடுவது வேறு ஏதோ ஊரில் பாடுவது மாதிரி கேட்டது. எழுந்ததும் முதலில் துண்டு நீட்டியது அந்தக் கொய்யாப் பெரியம்மா.

இன்னொன்று. எங்கள் பாட்டி பைபிள் உமனாக, அதாவது வீடு வீடாகப் போய் வேதம் சொல்லும் பெண் ஊழியராக இருந்தவள், விதவை. சம்பளம் பேருக்குத்தான். ஆண் போதகர் நுழைய முடியாத வீட்டுக்குள் அவள்தான் போவாள், பிரசவம் என்றால் கூட இருப்பாள். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசி தனி டப்பாவில் போடுவாள், ஞாயிறு அது சபைக்கு. எங்கள் சபையின் தரை அந்த அரிசியை விற்ற காசில் போட்டதுதான். சம்பந்தியைப் பற்றி எழுதினீர்களே, சம்பந்தியம்மாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உளியோசை:

அக்கா, கூழாங்கல் வைத்துத் தைத்தது... ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

தண்டவாளம்:

தங்கச்சி எழுதியதைப் படித்ததும் நான் சொல்லாமல் விட்ட ஒன்று ஞாபகம் வந்தது. இரண்டாம் தடவை போனபோது அந்தப் பெரியவர் சபைப் பதிவேட்டைக் காட்டினார். நீளமான நோட்டு, பழந்துணி அட்டை. வரிசை எண், பெயர், ஞானஸ்நானத் தேதி, கடைசியில் குறிப்பு. பல பெயர்களுக்கு எதிரில் பென்சிலில் இன்னொரு பெயர். கேட்டதற்கு, அது ரேஷன் கார்டுப் பெயர் என்றார். 1950 ஜனாதிபதி உத்தரவின்படி கிறிஸ்தவனானால் எஸ்.சி. கிடையாது. ஆந்திராவில் கிறிஸ்தவரான எஸ்.சி.க்காரர்களுக்கு பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் பி.சி.-சி என்ற பிரிவில் ஒரு சதவீத இட ஒதுக்கீடுதான். அதனால் பிள்ளை படிக்க வேண்டுமென்றால் பள்ளியில் ஒரு பெயர், சபையில் ஒரு பெயர். சென்சஸ் எண்ணைப் பார்த்து இந்தச் சபைகள் வளர்ந்ததா தேய்ந்ததா என்று யாரும் சொல்ல முடியாது.

குறிப்புப் பத்தியில் அடிக்கடி வந்தது 'ஹைதராபாத்', 'சென்னை', 'மரணம்'. கடைசிப் பக்கத்தில் ஏழு பெயர், போன ஈஸ்டர் தேதி, மை இன்னும் பளிச்சென்று இருந்தது. ஏழில் ஐந்து பெண்கள். "இந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் இல்லை, டேங்கர் வரவழைத்துத் தொட்டியில் கொடுத்தோம்" என்றார் பெரியவர். டேங்கர் வாடகைக்கு யார் பணம் கொடுத்தது என்று கேட்டேன், ஊருக்குள்ளிருந்து ஒரு ரெட்டி வீட்டு அம்மா கொடுத்தாராம், பேரைப் பதிவேட்டில் எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.