மீண்டும் மூட்டை தூக்குவாரா? காயத்திற்குப் பின் வேலைக்குத் திரும்பியவர்களைப் பற்றிய அனுபவங்கள்

இயன் மருத்துவர், மட்டக்களப்பு:

இடுப்பு வலியோடு வரும், மூட்டை சுமக்கும் நாட்டாமைத் தொழிலாளர்களிடம், எம்.ஆர்.ஐ. படத்தை வாங்கிப் பார்ப்பதற்கு முன்பே, "மூன்று மாதத்தில் பழைய வேலையைச் செய்வீர்கள் என்று உங்களுக்கே எவ்வளவு நம்பிக்கை? பத்துக்கு எத்தனை போடுவீர்கள்?" என்று கேட்பது பிசியோதெரபிஸ்ட்டான என் வழக்கம். வலி நீடிக்கக்கூடியவர்களை முன்கூட்டியே கண்டறிய சுவீடனின் ஒரெப்ரோ நகரில் உருவான வினாக்கொத்தில் இதையொத்த கேள்வி ஒன்று உண்டு. முள்ளந்தண்டுத் தட்டின் தேய்வும் பிதுக்கமும் வலியே இல்லாதவர்களின் படங்களிலும் தாராளமாகக் காணப்படுவதால், படத்தை மட்டும் வைத்து வேலைக்குத் திரும்பும் நாளைக் குறிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரே அரிசி ஆலையிலிருந்து வந்த இருவரில், படம் மோசமாக இருந்தவர் எட்டுப் போட்டார். மாசி அறுவடை நெல் வந்து இறங்கியபோது வேலையில் நின்றார். படத்தில் பெரிதாக எதுவும் இல்லாத மற்றவரோ இரண்டு போட்டார். "குனிஞ்சா முள்ளெலும்பு முறிஞ்சிரும் எண்டு சொன்னாங்க ஐயா" என்றார். அந்தப் பயத்தை அவருக்கு ஊட்டியவர் யாரென்று நான் கேட்கவில்லை. ஆனால் தரையில் கிடந்த பேனையை எடுக்கக்கூட அவர் முழங்காலிட்டுத்தான் அமர்ந்தார்.

ஆலை மேற்பார்வையாளர், சம்மாந்துறை:

ஐயா சொல்வதை மறுக்கவில்லை. ஆனாலும், திரும்பி வருபவருக்கு நாங்கள் என்ன வேலை கொடுக்கிறோம் என்பதையும் அந்தக் கணிப்பில் சேர்க்க வேண்டும். உகந்த நிலையில் தூக்குவதற்கே 23 கிலோதான் எல்லை என்று அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு நிறுவனம் 1991இல் திருத்திய சூத்திரம் கூறுகிறது. எங்கள் நெல் மூட்டையோ 60 கிலோவைத் தாண்டும். மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி பெறுபவருக்கு இலகுவான வேலை என்று தனியாக எதுவும் இல்லை. முதலாளியிடம் வாதாடி, ஒருவரைச் சில கிழமைகள் தராசடியிலும் சாக்கு வாய் தைப்பதிலும் நாட்கூலிக்கு வைத்திருந்தோம். அவர் இன்றும் எங்களோடு இருக்கிறார். அவ்வாறு இடம் கொடுக்கப்படாத பலர் ஊரிலேயே வேறு தொழில் தேடிப் போய்விட்டார்கள். தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் 1934 முதல் இருந்தும், நியமனக் கடிதமில்லாத கூலியாள் ஒருவர் அதன்படி கேட்டுப் போனதை நான் கண்டதில்லை.

மீனவரின் மகள், வாழைச்சேனை:

வலை இழுக்கும்போது வாப்பாவின் தோள் மூட்டு விலகியது. கேட்டவர்களிடமெல்லாம் பத்துக்குப் பத்து என்றார், ஏனெனில் இயந்திரத்துக்கு வாங்கிய கடனும் உம்மாவின் அடகு நகையும் அவர் தலையில் இருந்தன. சொன்னபடியே கடலுக்குப் போனார். அடுத்த பயணத்திலேயே அதே தோள் மறுபடி விலகியது.

இயன் மருத்துவர், மட்டக்களப்பு:

தங்கையின் அனுபவம் என் கேள்வியின் குறையைச் சரியாகக் காட்டுகிறது. நம்பிக்கைக்குப் போடும் எண்ணையும் நெருக்கடிக்குப் போடும் எண்ணையும் பிரித்தறிய, கடன், வீட்டில் வேறு வருமானம், படகிலோ ஆலையிலோ அவருக்குப் பதிலாக நிற்க ஆள் ஆகியவற்றைத் தனித்தனியாகக் கேட்க வேண்டியுள்ளது. வேலைக்குப் போன முதல் நாளைக் குறிப்பேட்டில் எழுதிவிட்டு முடித்துக்கொள்ளாமல், ஒரு போகம் கழிந்த பின்னும் அதே வேலையில் நிற்கிறாரா என்று தொலைபேசியில் விசாரிக்கவும் தொடங்கியிருக்கிறேன்.