நீளமான ஆங்கில வார்த்தைகள் ஸ்கிராபிளில் எதற்காவது உதவுமா?

கேள்வி

நீளமான ஆங்கில வார்த்தைகள் என்றால் எனக்குத் தனிப் பித்து. 'நியூமோனோஅல்ட்ராமைக்ரோஸ்கோபிக்சிலிகோவால்கனோகோனியோசிஸ்', மொத்தம் 45 எழுத்து, இதைப் பார்க்காமல் எழுதுவேன். இப்போது ஸ்கிராபிள், அதாவது மதிப்புப் போட்ட எழுத்துக் கட்டைகளைப் பலகையில் அடுக்கி வார்த்தை கோக்கும் ஆட்டம், தீவிரமாக ஆட ஆரம்பித்திருக்கிறேன். இந்த மாதிரி வார்த்தைகளெல்லாம் எப்படிப் பிறந்தன, யாராவது நிஜமாகவே பயன்படுத்தினார்களா, ஆட்டத்தில் இவற்றால் ஏதாவது லாபம் உண்டா? எத்தனை எழுத்து வரை மனப்பாடம் செய்யலாம் என்றும் சொல்லுங்கள்.

பதில் 1

ஆட்டத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பலகையில் ஒரு வரிசைக்கு 15 கட்டம்தான், அதைத் தாண்டிய வார்த்தைக்கு அங்கே இடமே இல்லை. 15-ஐ எட்டுவதும் லேசில்லை, ஏனென்றால் உங்கள் கையில் இருப்பது 7 எழுத்து, மீதி 8-ம் ஏற்கெனவே பலகையில் சரியான கட்டங்களில் கிடக்க வேண்டும். அப்படி ஒரு வாய்ப்புக்காகக் காத்திருந்தால் ஆட்டமே முடிந்துவிடும்.

7, 8 எழுத்து வார்த்தைகளைப் பிடியுங்கள். கையிலுள்ள ஏழையும் ஒரே முறையில் இறக்கினால் கூடுதலாக 50 புள்ளி. 2006-இல் அமெரிக்காவில் மைக்கேல் கிரெஸ்டா 'குவிக்ஸாட்ரி' (QUIXOTRY) என்ற வார்த்தைக்கு மட்டும் 365 புள்ளி எடுத்தார், அது எட்டே எழுத்து. கணக்கு எப்படி வருகிறது பாருங்கள்: எழுத்துகளின் மதிப்பு 27, எக்ஸ் இரட்டிப்புக் கட்டத்தில் விழுந்ததால் 35, வார்த்தையை மும்மடங்காக்கும் கட்டங்கள் இரண்டைத் தொட்டதால் ஒன்பது மடங்கு, அதாவது 315, அதோடு அந்த 50. இதற்கு முன் 1982-இல் மான்செஸ்டரில் 'கசீக்ஸ்' (CAZIQUES) என்ற வார்த்தைக்கு 392 எடுத்தார்கள். அதுவும் எட்டு எழுத்துதான்! நீளத்தைவிட க்யூ, எக்ஸ், இசட் எங்கே விழுகின்றன என்பதுதான் முக்கியம்.

பதில் 2

பிறந்த கதைக்கு வருகிறேன், எனக்குப் பிடித்த பகுதி இதுதான்.

நீங்கள் சொன்ன அந்த 45 எழுத்துக்காரர் புதிர்க்காரர்கள் பெற்ற பிள்ளை. அமெரிக்காவின் தேசியப் புதிர்க்காரர் சங்கத் தலைவராக இருந்த எவரெட் ஸ்மித் 1935-இல், அகராதியிலேயே மிக நீளமான சொல்லாக இருக்கட்டும் என்று வேண்டுமென்றே கோத்தது. நுரையீரல், மிக நுண்ணிய, சிலிகா, எரிமலை, தூசு என்று துண்டுகளை ஒட்டியிருக்கிறார். மருத்துவர்கள் அந்த நோயைச் சிலிகோசிஸ் என்று சுருக்கமாக முடித்துக்கொள்வார்கள். ஆனாலும் அது சில ஆண்டுகளிலேயே அகராதிக்குள் போய் உட்கார்ந்துவிட்டது.

'ஃபிளாக்ஸினாஸினிஹிலிபிலிஃபிகேஷன்' வேறு ரகம், 29 எழுத்து. ஒன்றை மதிப்பில்லாதது என்று தள்ளுவதுதான் பொருள். லத்தீன் இலக்கணப் பாடத்தில் 'துச்சம்' என்று சொல்ல உதவும் நான்கு சொற்களை வரிசையாகக் கோத்திருக்கிறார்கள், படித்தவர்களின் விளையாட்டு. 1741-இல் கவிஞர் வில்லியம் ஷென்ஸ்டோன் எழுதிய கடிதத்தில் வருகிறது. 2012-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்திலும் ஓர் உறுப்பினர் இதைப் பேசியிருக்கிறார்.

இவை செய்து வைத்த வார்த்தைகள். 28 எழுத்துள்ள 'ஆன்டிடிஸ்எஸ்டாப்ளிஷ்மென்டேரியனிசம்' அப்படியில்லை, அது அரசியல் சண்டையிலிருந்து வந்தது. 19-ஆம் நூற்றாண்டு பிரிட்டனில் திருச்சபைக்கு அரசு தந்திருந்த அந்தஸ்தைப் பறிக்கலாமா கூடாதா என்று பெரிய விவாதம், அயர்லாந்தில் 1869-இல் சட்டம் போட்டே பறித்தார்கள். பறிக்கக் கூடாது என்றவர்களின் நிலைப்பாட்டுக்குத்தான் இந்தப் பெயர். முன்னும் பின்னும் ஒட்டுகள் சேர்ந்து சேர்ந்து வளர்ந்தது, என்னைக் கேட்டால் நீள வார்த்தைகளில் இதற்குத்தான் மரியாதை.

கேட்டவர்

அருமை, இரண்டு பேருக்கும் நன்றி. அப்போ 7, 8 எழுத்து வார்த்தைகளை அர்த்தம் தெரியாமல் வெறும் எழுத்துக் கோவையாக மனப்பாடம் செய்தால் போதுமா?

பதில் 3

போதும் என்று நிரூபித்தவர் இருக்கிறார். நியூசிலாந்துக்காரர் நைஜல் ரிச்சர்ட்ஸ் 2015-இல் பிரெஞ்சு ஸ்கிராபிள் உலகப் பட்டத்தையே வென்றார், அவருக்குப் பிரெஞ்சு பேசத் தெரியாது, அகராதியை மனப்பாடம் செய்துகொண்டு போய் உட்கார்ந்தார். ஆனால் அந்த ஞாபகசக்தி நமக்கெல்லாம் வாய்க்காது, அதனால் சொல் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பார்த்துப் படிப்பதே நல்லது. இந்த இடத்தில் உங்கள் நீள வார்த்தைப் பித்து நிச்சயம் கைகொடுக்கும். 'டெர்மடோகிளிஃபிக்ஸ்' எடுத்துக்கொள்ளுங்கள், கைரேகை ஆராய்ச்சி, கிரேக்கத்தில் தோல் என்பதும் செதுக்குதல் என்பதும் சேர்ந்தது. சரியாக 15 எழுத்து, ஒன்றுகூடத் திரும்ப வராது. 'அன்காப்பிரைட்டபிள்' என்பதும் அதே 15, அதிலும் எதுவும் திரும்பாது. இப்படிப் பிரித்துப் பழகியவருக்கு முன்னொட்டும் பின்னொட்டும் கையிலுள்ள ஏழு எழுத்துக்குள்ளேயே தானாகக் கண்ணில் படும்.

பயிற்சிக்கு 'ரெடினா'வின் (RETINA) ஆறு எழுத்தில் தொடங்குங்கள். அதோடு சி சேர்த்தால் 'சர்ட்டன்', பி சேர்த்தால் 'பெயின்டர்', ஜி சேர்த்தால் 'கிரானைட்', எம் சேர்த்தால் 'மினாரெட்', கே சேர்த்தால் 'கெரட்டின்', எல் சேர்த்தால் 'ரிலையன்ட்'. எஸ் கிடைத்தால் இன்னும் கொண்டாட்டம், 'ரெடினாஸ்', 'ரீடெயின்ஸ்', 'நாஸ்டியர்', 'ஸ்டெயினர்', 'ரெட்சினா' என்று குறைந்தது ஐந்து வரும். பலகையில் எது இடம் கொடுக்கிறதோ அதை இறக்குங்கள். இந்த ஆறு எழுத்தும் கையில் அடிக்கடி வந்து சேரும், அதனால் முதலில் இதை முழுசாகக் கரைத்துக் குடித்துவிட்டு அப்புறம் அடுத்த ஆறுக்குப் போங்கள்.